கேரளா வேலையும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும்: இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் விடுபடும் பெண்கள்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இன்னும் ஏன் இத்தனை பேரைக் கொண்டுபோகிறது என்று கேட்டால், "பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்றுதான் முதலில் பதில் வரும். தேனி–இடுக்கி எல்லையிலிருந்து பார்த்தால் அது பாதிப் பதில்தான். கம்பம், போடி, தேவாரம், கோம்பைப் பக்கத்திலிருந்து விடியும் முன்பே ஜீப் ஏறுகிற பெண்கள் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் ஊர் திரும்புகிறார்கள். நோயின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் அவர்களில் குறைவு. அதற்கு ஒரு பரிசோதனை இருப்பதும் பலருக்குத் தெரியும். எந்த நாளில், எந்த நேரத்தில் போய்ப் பார்த்துக்கொள்வது என்பதுதான் தெரியாது. துணை சுகாதார நிலையம் திறந்திருக்கும் நேரம் முழுக்க அவர்கள் வேறொரு மாநிலத்தில் காய் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நேரக் கணக்குதான் இங்கே முக்கியம். ஆனால் நோய் எப்படி வளர்கிறது என்று தெரிந்தால்தான் அது ஏன் முக்கியம் என்பது புரியும்.

2022-இல் உலகம் முழுக்க சுமார் 6,60,000 பெண்களுக்கு இந்த நோய் வந்தது என்றும், சுமார் 3,50,000 பேர் இறந்தார்கள் என்றும் மதிப்பிடப்பட்டிருக்கிறது. இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 1,27,000 பேருக்கு நோய், 80,000-ஐ ஒட்டி மரணங்கள். அதாவது உலகில் இந்த நோயால் இறக்கும் ஐந்து பெண்களில் ஒருவருக்கு மேல் நம் நாட்டுக்காரர். இத்தனைக்கும் இது தடுக்கக்கூடிய நோய். வருவதற்கு முன்பே கண்டுபிடித்து நிறுத்தவும் முடிகிற புற்றுநோய்கள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

காரணம் மனிதப் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு 1980-களில் இந்த வைரஸின் 16, 18 ஆகிய இரண்டு வகைகளைப் புற்றுநோய்த் திசுவிலேயே கண்டெடுத்தது. அதற்காக 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகில் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் இந்த இரண்டு வகைகள்தான் காரணம்.

உடலுறவு தொடங்கிய பெரும்பாலானோருக்கு, ஆணோ பெண்ணோ, வாழ்நாளில் ஒரு முறையாவது இந்த வைரஸ் தொற்றியிருக்கும். சளி, காய்ச்சலுக்கு இருப்பது போன்ற அடையாளம் எதையும் அது பெரும்பாலும் காட்டாது. பத்தில் ஒன்பது பேருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடம்பே அதை விரட்டிவிடும். மிச்சமுள்ள சிலருக்கு அது கர்ப்பப்பையின் வாய்ப்பகுதியில் தங்கிவிடுகிறது. தங்கிய இடத்தில் செல்கள் மெல்ல மாறத் தொடங்கும். அது உடனே புற்றுநோய் அல்ல. புற்றுநோய்க்கு முந்தைய நிலை. அங்கிருந்து முழு நோயாக மாற, சாதாரண எதிர்ப்பு சக்தி உள்ள பெண்ணுக்கு 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். எச்.ஐ.வி. இருந்து அதற்குச் சிகிச்சை எடுக்காதவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளிலேயே வந்துவிடலாம். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பே மற்றவர்களைவிட ஆறு மடங்கு. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் மற்ற பெண்களுக்கு 30 வயதிலிருந்து பரிசோதனை என்றும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்தே என்றும் சொல்கிறது.

பதினைந்து ஆண்டு அவகாசம் என்பது சின்ன விஷயம் இல்லை. களை சிறிசாக இருக்கும்போதே பிடுங்கிவிட்டால் ஏலச்செடிக்கு ஒன்றும் ஆகாது என்பது இந்த மலையில் வேலை செய்கிற எந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கேயும் அவ்வளவுதான் சூத்திரம். 30-லிருந்து 50 வயதுக்குள் ஒரு முறை, முடிந்தால் இரண்டு முறை, வாய்ப்பகுதியைப் பார்த்து, மாறிய இடம் இருந்தால் அதை மட்டும் அகற்றிவிட வேண்டும்.

ஒட்டன்சத்திரத்துப் பக்கத்தில் நடந்த ஆய்வு

பரிசோதனை மூன்று விதம். பழையது பாப் ஸ்மியர்: வாய்ப்பகுதியிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் பார்ப்பது. பார்க்கத் தெரிந்தவர் வேண்டும், ஆய்வகம் வேண்டும், முடிவு வர நாள் ஆகும். இரண்டாவது 'வியா': அசிட்டிக் அமிலத்தை 3 முதல் 5 சதவீதக் கரைசலாக்கி வாய்ப்பகுதியில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பது. மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ் போதும், முடிவு அங்கேயே தெரிந்துவிடும். குறை என்னவென்றால், பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்து முடிவு மாறும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அந்தப் பகுதி உள்ளே போய்விடுவதால் அவ்வளவாகப் பயன்படாது. மூன்றாவது எச்.பி.வி. பரிசோதனை: மாதிரியில் வைரஸின் மரபணு இருக்கிறதா என்று கருவியில் பார்ப்பது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் முதல் தேர்வாகச் சொன்னது இதைத்தான்.

இந்த முறைகள் நம் ஊர்ப் பெண்களுக்குப் பயன்படுமா என்பதை வெளிநாட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. உலகமே மேற்கோள் காட்டுகிற ஆய்வுகளில் ஒன்று திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் நடந்தது. ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமுதாய சுகாதார மையம் அதை நடத்தியது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலிருந்து பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமைக்குப் போன மருத்துவர் ஆர். சங்கரநாராயணன் அதன் முன்னணி ஆய்வாளர். 2000-இல் தொடங்கிய அந்த ஆய்வில் 30 முதல் 59 வயது வரையுள்ள சுமார் 49,000 பெண்கள் வியா பரிசோதனைக்கு அழைக்கப்பட்டார்கள். வெள்ளைப் படலம் தெரிந்தவர்களில் தகுதியானவர்களுக்கு அதே வருகையில் நர்ஸே உறைநிலைச் சிகிச்சை (மாறிய இடத்தை உறையவைத்து அழிப்பது) கொடுத்தார். 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது: பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில் நோய் 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,000 பெண்களை வைத்து நடந்த இன்னொரு ஆய்வின் முடிவு 2009-இல் வந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை எச்.பி.வி. பரிசோதனை செய்த குழுவில் மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் அங்கே வியா செய்த குழுவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அமிலக் கரைசல் ஒன்றுதான், படலமும் ஒன்றுதான். திண்டுக்கல்லில் பலித்தது உஸ்மானாபாத்தில் ஏன் பலிக்கவில்லை? வியா என்பது பார்ப்பவரின் பயிற்சியையும், படலம் தெரிந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை நடக்கிறது என்பதையும் பொறுத்தது. திண்டுக்கல்லில் அந்த இரண்டும் கூடிவந்தன என்பது என் வாசிப்பு. உஸ்மானாபாத்திலிருந்து இன்னொரு தகவலையும் கவனிக்க வேண்டும். மற்ற முறைகளில் 'ஒன்றும் இல்லை' என்று அனுப்பப்பட்ட பெண்களுக்குப் பின்னாளில் நோய் வந்த வீதம், எச்.பி.வி. இல்லை என்று அனுப்பப்பட்டவர்களுக்கு வந்ததைப் போல நான்கு மடங்குக்கு மேல். எச்.பி.வி. பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தால் பல ஆண்டுகளுக்கு நிம்மதியாக இருக்கலாம் என்பது அதன் பொருள். வருடத்தில் ஒரு நாள் லீவு கிடைப்பதே அரிதாக உள்ள பெண்ணுக்கு இது பெரிய விஷயம்.

(இந்த ஆய்வுகளில் ஒப்பீட்டுக்காகப் பரிசோதனை செய்யாமல் விடப்பட்ட பெண்களும் இருந்தார்கள். அது நியாயமா என்று பின்னாளில் கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.)

கேம்ப் முடிந்த பிறகு என்ன நடக்கிறது

தமிழ்நாட்டில் அரசே இந்தப் பரிசோதனையை முதலில் வெள்ளோட்டம் விட்ட மாவட்டங்கள் இரண்டு: தஞ்சாவூரும் தேனியும். 2007-இல் தமிழ்நாடு சுகாதார அமைப்புத் திட்டத்தின் கீழ் அது தொடங்கியது. 2012 முதல் மாநிலம் முழுவதும் விரிந்தது. அந்த வகையில் கம்பம் பள்ளத்தாக்கு இந்த விஷயத்தில் பின்தங்கிய இடமே அல்ல. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம், இந்திய சராசரி 1.9 சதவீதம். படிப்பிலும் பிரசவ கவனிப்பிலும் முன்னே நிற்கும் கேரளத்தில் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. 9.8 என்பது நாட்டிலேயே நல்ல எண் என்றால் நாட்டின் நிலைமையை நினைத்துக்கொள்ளுங்கள். 2030-க்குள் பெண்களில் 70 சதவீதம் பேருக்கு 35 வயதுக்குள் ஒரு முறையும் 45 வயதுக்குள் இன்னொரு முறையும் பரிசோதனை என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு.

ஆனால் இந்தச் சதவீதங்கள்கூட முழுக் கதையைச் சொல்லவில்லை. கேம்ப் முடிந்ததும் "இத்தனை பேருக்குப் பார்த்தோம்" என்று செய்தி வரும். "படலம் தெரிந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது" என்று செய்தி வந்து நான் பார்த்ததில்லை. பரிசோதனை மட்டும் யாரையும் காப்பாற்றாது. அடுத்த படியில்தான் உயிர் இருக்கிறது. அந்தப் படியில்தான் ஆட்கள் தொலைகிறார்கள்.

ஒரு பெண்ணின் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்ப்போம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வியா செய்ய ஒரு நாள். 'பாசிட்டிவ்' என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு. அங்கே வாய்ப்பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் கால்போஸ்கோப் வைத்துப் பார்க்க ஒரு நாள். சதைத் துணுக்கு எடுத்தால் ரிசல்ட் வாங்க இன்னொரு நாள். சிகிச்சைக்கு ஒரு நாள், அப்புறம் ஆறிவிட்டதா என்று பார்க்க ஒரு நாள். ஒவ்வொரு நாளும் கூலி போகும், பஸ் காசு போகும், கூட வருகிறவரின் கூலியும் போகும். உடம்பில் வலி எதுவும் இல்லாத ஒருவர் இத்தனை நாளை எதற்காகச் செலவழிப்பார்? "எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே" என்று அவர் சொல்வதில் அறியாமையைவிடக் கணக்குதான் அதிகம். அதே நர்ஸ், அதே நாளில், அதே கட்டிலில் சிகிச்சையையும் முடித்துவிட்டால் இந்தக் கணக்கு அடியோடு மாறிவிடும். இப்போது அதற்குக் கையடக்கமான வெப்பச் சிகிச்சைக் கருவிகள் இருக்கின்றன. சுமார் 100 டிகிரி சூட்டில் இருக்கும் முனையை அந்த இடத்தில் சில பத்து நொடிகள் வைத்தால் போதும். உறைநிலைச் சிகிச்சைக்குத் தேவைப்படும் கேஸ் சிலிண்டரை மலைப்பாதையில் தூக்கிக்கொண்டு போக வேண்டிய தொல்லையும் இல்லை. எல்லாப் படலத்துக்கும் இது பொருந்தாது. பெரிதாக இருந்தாலோ, உள்ளே போயிருந்தாலோ, புற்றுநோய் என்று சந்தேகம் வந்தாலோ மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும். ஆனால் பெரும்பாலோருக்கு இது போதும்.

எந்த மாநிலப் பதிவேட்டில்?

எல்லைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீடு வீடாக வருகிறார்கள். கேரளத்தில் ஆஷா பணியாளர்கள் 30 வயதுக்கு மேற்பட்டவர்களின் விவரங்களை 'ஷைலி' செயலியில் பதிகிறார்கள். 2025 பிப்ரவரியில் கேரள அரசு தொடங்கிய புற்றுநோய் இயக்கமும் முதல் கட்டமாகப் பெண்களின் மார்பகம், கர்ப்பப்பை வாய் இரண்டையும்தான் கையில் எடுத்தது. எல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் இரண்டு மாநிலமும் ஆளை வீட்டு விலாசத்தை வைத்துத்தான் தேடுகின்றன. பணியாளர் கதவைத் தட்டும் பகல் வேளையில் உத்தமபாளையத்துக்காரி உடும்பன்சோலையில் இருக்கிறாள். அங்குள்ள ஆஷாவுக்கு அவள் தன் வார்டுக்காரி அல்ல. இரண்டு பதிவேட்டிலும் அவள் பெயருக்கு நேரே கட்டம் காலியாகவே இருக்கும்.

மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறையாக இருக்கும் தமிழ்ப் பெண்களின் சங்கடம் வேறு. அவர்கள் கேரளத்திலேயே குடியிருக்கிறார்கள், தோட்டம் கொடுக்கும் லயத்து (வரிசை) வீட்டில். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்த காலத்திலிருந்தே மருத்துவ வசதி தர வேண்டியது தோட்ட நிர்வாகம். அதனால் காய்ச்சலோ காயமோ என்றால் எஸ்டேட் டிஸ்பென்சரி. ஆனால் நோயில்லாத பெண்ணைக் கூப்பிட்டுப் பார்ப்பது டிஸ்பென்சரியின் பழக்கத்தில் இல்லை. அரசு ஆஸ்பத்திரியோ மலை இறங்கிப் போகும் தூரம். பீர்மேடு பக்கம் 2000-க்குப் பிறகு பூட்டிக் கிடந்த தோட்டங்களில் டிஸ்பென்சரியும் சேர்ந்தே படுத்துவிட்டது. கையில் கொடுக்கிற சீட்டு மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தமிழ்ப் பள்ளியில் படித்தவருக்கு அது பாதி புரியும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது; அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. தோட்டத்தில் ரிட்டயர்டு ஆனதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் யாரும் அதே தோட்டத்தில் வேலையில் இல்லையென்றால், கோவில்பட்டி, கயத்தாறு, சங்கரன்கோவில் என்று சொந்த ஊரைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள். பரிசோதனை செய்திருக்க வேண்டிய 30 வயதும் 40 வயதும் கேரள மலையில் கழிகின்றன. நோய் அதிகமாகத் தலைகாட்டும் 55-க்கு மேல் ஆள் தமிழ்நாட்டுச் சமவெளியில் இருக்கிறார். பரிசோதிக்காமல் விட்டதன் விளைவு ஒரு மாநிலத்தின் கணக்கில் ஏறவே ஏறாது. இன்னொரு மாநிலத்தில் அது முற்றிய நிலையில் வந்து நிற்கும். அப்போது வேண்டியது வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரத்துக்குக் குறையாத கதிர்வீச்சு, கூடவே மருந்து ஊசி, அப்புறம் உள்கதிர்வீச்சு. கம்பத்திலிருந்து மதுரையும் சரி, குமுளியிலிருந்து கோட்டயமும் சரி, நூறு கிலோமீட்டருக்கு மேல்.

2015 செப்டம்பரில் மூணாறு தோட்டப் பெண்கள் ஆண் தலைவர்களை ஓரம்கட்டிவிட்டு நடத்திய பெம்பிளை ஒருமைப் போராட்டத்தில் போனஸும் கூலியும் முன்னால் நின்றன. அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் "40 வயதுக்குள் ஒரு முறை, சம்பளத்தோடு அரை நாள், பரிசோதனைக்கு" என்று ஒரு வரி சேர்த்துக் கேட்கலாம். நிர்வாகத்துக்குச் செலவு சொற்பம். மஸ்டர் (ஆள் வருகைப் பதிவு) எடுக்கும் இடமும் கொழுந்து நிறுக்கும் கொட்டகையும் ஆட்கள் தானாகக் கூடுகிற இடங்கள். ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

வெட்கமும் சந்தேகமும்

சரி, நேரம் கிடைத்துவிட்டால் எல்லாரும் வந்துவிடுவார்களா? மாட்டார்கள். வெட்கம் உண்டு. ஆம்பிளை டாக்டர் இருப்பாரோ என்ற பயம் உண்டு. கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டதோடு அந்த விஷயமெல்லாம் முடிந்துவிட்டது என்ற நினைப்பும் உண்டு. ஆபரேஷன் கருக்குழாயில்தான் நடக்கிறது. வாய்ப்பகுதி அப்படியேதான் இருக்கிறது.

எச்.பி.வி. பரிசோதனை பரவலாக வரும்போது இன்னொரு சிக்கலும் வரும். "உடலுறவில் தொற்றும் வைரஸ் இருக்கிறது" என்று ஒரு பெண்ணிடம் சொன்னால் வீட்டில் என்ன ஆகும் என்று யோசித்துச் சொல்ல வேண்டும். பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று பொருளில்லை. யாரும் யாருக்கும் துரோகம் செய்ததாகவும் பொருளில்லை. கல்யாணமான புதிதில் வந்த வைரஸ் இருபது ஆண்டு கழித்துத் தெரியலாம். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ரிசல்ட்டைத் தனியாக, அந்தப் பெண்ணிடம் மட்டும், அவருக்குப் புரிகிற பேச்சில் சொல்வது பரிசோதனையின் ஒரு பகுதிதான். மாமியாரின் போன் நம்பருக்கு அனுப்புவது அல்ல.

பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. மாதவிலக்கு நாட்களில் வேண்டாம். முந்தின இரண்டு நாள் உறவும் உள்ளே வைக்கும் மருந்தும் தவிர்த்தால் நல்லது. ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்துப் பார்க்கச் சில நிமிடங்கள். கொஞ்சம் அழுத்தம் தெரியும், பெரிய வலி இருக்காது. வெப்பச் சிகிச்சை செய்தால் சில வாரங்களுக்கு நீர் மாதிரி கசியும். நான்கு வாரம் உறவு கூடாது. சீட்டைத் தொலைக்காமல் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மலை ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் அந்தப் படம்தான் பதிவேடு.

உறவுக்குப் பிறகு இரத்தம் பட்டாலோ, மாதவிலக்கு நின்று ஓராண்டு கழித்து இரத்தம் வந்தாலோ, நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ கேம்ப் வரும் வரை காத்திருக்கக் கூடாது. கேம்ப் என்பது அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு. அறிகுறி உள்ளவர் நேராக மகப்பேறு மருத்துவரிடம் போக வேண்டும், போன கேம்பில் நெகட்டிவ் என்று வந்திருந்தாலும்.

வெள்ளைப்படுதல் என்றதும் ஆந்திர எல்லைப் பக்கத்து நிலவரத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சித்தூர், நகரி, குப்பம் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் முப்பது வயது தாண்டுவதற்குள் கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பெண்களைப் பார்க்கலாம். 2015–16 கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை அகற்றப்பட்டவர்கள் இந்திய அளவில் 3.2 சதவீதம், ஆந்திரத்தில் 8.9 சதவீதம். "விட்டால் கேன்சராக மாறிவிடும்" என்ற ஒரு வார்த்தை போதும், பயந்துபோய்க் கடன் வாங்கி ஆபரேஷனுக்குப் படுத்துவிடுகிறார்கள். வெள்ளைப்படுதல் பெரும்பாலும் இயல்பானது, இல்லையென்றால் மாத்திரையில் தீரும் தொற்று. முந்தைய நிலை மாற்றத்துக்குக்கூட அந்த இடத்தை மட்டும் அகற்றினால் போதும். முழுக் கர்ப்பப்பையை எடுப்பது முதல் சிகிச்சையே அல்ல. பரிசோதனை எட்டாத ஊரில் புற்றுநோய்ப் பயம் மட்டும் எட்டினால் இப்படித்தான் ஆகும். யாராவது கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், "வாய்ப்பகுதியில் என்ன டெஸ்ட் பண்ணினீங்க, அந்த ரிசல்ட்டைக் கொடுங்க" என்று கேளுங்கள்.

இனி செய்யக்கூடியவை

நேரச் சிக்கலுக்கு இப்போது கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வழி இருக்கிறது. எச்.பி.வி. பரிசோதனைக்கான மாதிரியைப் பெண்ணே மறைவாக எடுத்துக்கொள்ளலாம். பஞ்சுக் குச்சி மாதிரி ஒன்றை உள்ளே வைத்துச் சுழற்றி எடுத்துக் குப்பியில் போட்டால் போதும். சரியான கருவியில் பார்த்தால் நர்ஸ் எடுத்த மாதிரிக்கு இது குறைந்ததல்ல என்று உலக சுகாதார நிறுவனமே ஏற்றிருக்கிறது. ஸ்பெகுலம் இல்லை, வெட்கத்துக்கும் பெரிதாக இடமில்லை. காலை ஜீப் நிற்கும் இடத்தில் குப்பியைக் கொடுத்து மாலையில் வாங்கிக்கொள்ளலாம்.

பரிசோதிக்கும் கருவியும் புதிதாக வர வேண்டியதில்லை. காசநோய்க்குச் சளி பார்க்க அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கும் ட்ரூநாட் கருவியிலேயே எச்.பி.வி. பார்க்கும் இந்தியத் தயாரிப்பு கிட் உருவாகிவிட்டது. அதையும் இன்னொரு உள்நாட்டு கிட்டையும் ஆய்வில் சரிபார்த்த செய்தி 2025 ஏப்ரலில் வந்தது. பாசிட்டிவ் வரும் சிலரை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்து, பார்த்து, அங்கேயே வெப்பச் சிகிச்சை கொடுத்தால் ஒரு பெண்ணுக்கு ஒரே ஒரு நாள்தான் செலவு, அதுவும் கூலி இல்லாத நாள். ஞாயிறு ஜீப் ஓடாது. ஆனால் நம் சுகாதார நிலையங்களில் இந்தப் பரிசோதனைக்கு ஒதுக்கும் நாள் எப்போதும் வார நாளாகவே இருக்கிறது. தேனி மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் காட்டுத்தீக்கும் தண்ணீருக்கும் கடிதம் எழுதிக்கொள்வதைப் போல இதற்கும் எழுதிக்கொள்ளலாம்.

தடுப்பூசியும் எல்லையும்

தடுப்பூசியின் கதையிலும் நம் வட்டாரத்துக்கு ஒரு பங்கு உண்டு. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்ட திட்டம் ஒன்று 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. ஏழு சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்தது. ஊசிக்கும் அந்த மரணங்களுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது போன்றவை காரணங்களாக இருந்தன. ஆனால் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களிடம் கையெழுத்து வாங்கியது உண்மை. 2013-இல் நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. இந்தியாவில் இந்த ஊசி பொதுத் திட்டத்துக்கு வராமல் பல ஆண்டுகள் தள்ளிப்போனதற்கு அந்தக் கையெழுத்து விவகாரம் ஒரு முக்கியக் காரணம். ஊசியைவிட அதைப் போட்ட விதம்தான் நம்பிக்கையைக் கெடுத்தது.

2010-இல் அந்தத் திட்டத்தை நிறுத்திய அதே உத்தரவால் அம்பிளிக்கை உள்ளிட்ட இடங்களில் நடந்த இன்னொரு ஆய்வும் பாதியில் நின்றது. இரண்டு தவணை, மூன்று தவணை போட்டுக்கொள்ள வேண்டிய பெண் பிள்ளைகளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே ஊசியோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களை விடாமல் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2021-இல் முடிவு வெளியானபோது, நிலைத்துத் தங்கும் 16, 18 வகைத் தொற்றுக்கு எதிராக ஒரே ஊசி 95 சதவீதப் பாதுகாப்பு கொடுத்தது தெரிந்தது. கூடுதல் தவணை போட்டவர்களுக்கும் அதே அளவுதான். ஒரு தவணையே போதும் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதலை மாற்றியதற்கு இது முக்கியச் சான்றுகளில் ஒன்று.

ஊசி போட்ட தலைமுறை வளர்ந்துவிட்ட நாடுகளில் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்வீடனில் 17 வயதுக்குள் போட்டுக்கொண்டவர்களுக்கு இந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்திருந்தது. இங்கே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் ஊசிக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது. தனியாரிடம் ஒரு தவணை சுமார் 2,000 ரூபாய். ஊசி போட்டாலும் 30 வயதில் பரிசோதனை வேண்டும், ஏனென்றால் எல்லா வகை வைரஸையும் அது தடுக்காது. 30 தாண்டிய அம்மாவுக்கு ஊசி முக்கியமில்லை, பரிசோதனைதான் முக்கியம்.

2025-இல் தமிழ்நாடு நிதிநிலை அறிக்கை 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இந்த ஊசியைப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதே ஆண்டில் கேரளம் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவிகளுக்குப் போடப்போவதாக அறிவித்தது. இரண்டு அறிவிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூணாறு பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளியில் பத்தாவது வரை படித்துவிட்டு, பிளஸ் ஒன்னுக்குத் தேனியிலோ திருநெல்வேலியிலோ விடுதியில் சேரும் பிள்ளைகள் ஆண்டுதோறும் உண்டு. அந்த அறிவிப்புகளின்படி, 14 வயதில் அந்தப் பிள்ளை கேரளத்தில் இருந்ததால் தமிழ்நாட்டின் பட்டியலில் வராது. பிளஸ் ஒன்னில் தமிழ்நாட்டில் இருப்பதால் கேரளத்தின் பட்டியலிலும் வராது. சேர்க்கை விண்ணப்பத்தில் ரத்த வகையைக் கேட்கும் பள்ளிகள், எச்.பி.வி. ஊசி போட்டாயிற்றா என்று பெற்றோரிடம் ஒரு வரி சேர்த்துக் கேட்கலாம். இல்லையென்றால் வட்டார மருத்துவ அலுவலருக்குப் பெயரை அனுப்பிவைக்கலாம், இந்த முறை பெற்றோரின் கையெழுத்தை முறையாக வாங்கிக்கொண்டு.